உங்களுக்குத் தெரியுமா? அண்ணனூர் அறையில் ஓர் ஆங்கிலத் தெரு

'சிட்டீஸ்: ஸ்கைலைன்ஸ்' என்ற கணினி விளையாட்டில் நகரம் கட்டத் தொடங்குகிறவர்களுக்கு, விளையாட்டோடு வரும் வீடுகள் கொஞ்ச நாளில் சலித்துவிடும். சொந்தமாக ஒரு வீடு செய்து அதில் வைக்க ஆசை வரும். அப்படி ஆசைப்பட்டவர்கள் விரும்பிச் செய்யும் மாடல்களில் ஒன்று பிரிட்டனின் செங்கல் வரிசை வீடு. சென்னையை அடுத்த அண்ணனூரில் மின்சார ரயில் சத்தம் கேட்கும் ஓர் அறையில் உட்கார்ந்தே மான்செஸ்டர் தெரு ஒன்றை எழுப்பிவிடலாம். அந்த வீடு ஏன் அப்படி இருக்கிறது என்று தெரியாமல் செய்தால் சிவப்பு நிறம் வரும், வீடு வராது. சட்டமும் வரியும் நிலக்கரியும் களிமண்ணும் கூடி வடித்த வீடு அது. இந்த வாரத் துணுக்குகள் எல்லாம் அதைப் பற்றியே.

★

இந்த விளையாட்டு வெளியானது 2015 மார்ச் 10. செய்தவர்கள் பின்லாந்தின் தாம்பரே நகரத்தில் இருந்த 'கொலோசல் ஆர்டர்' என்ற சின்ன நிறுவனத்தார். அப்போது அங்கே வேலை பார்த்தவர்கள் பதின்மூன்று பேர்தான் என்கிறார்கள். வெளியான நாளிலேயே, வீரர்கள் தாங்களே செய்த கட்டடங்களைப் பகிர்ந்துகொள்ளும் வசதியையும் திறந்துவிட்டார்கள். அந்த ஒரு முடிவுதான் விளையாட்டை இத்தனை ஆண்டுகள் வாழவைத்தது என்பது என் எண்ணம்.

★

விளையாட்டில் நிலம் முழுவதும் 8 மீட்டர் சதுரக் கட்டங்களாகப் பிரிக்கப்பட்டிருக்கும். சாலையிலிருந்து உள்ளே நான்கு கட்டம், அதாவது 32 மீட்டர் ஆழம் வரைதான் குடியிருப்பு நிலம். பிரிட்டனில் தொழிலாளர்களுக்காகக் கட்டிய பழைய வரிசை வீட்டின் முகப்போ ஏறக்குறைய ஐந்து மீட்டர்தான். ஒரு கட்டத்தில் ஒரு வீடு வைத்தால் பக்கத்தில் மூன்று மீட்டர் சந்து விழும். வரிசை வீட்டுக்குச் சந்தே கிடையாது. சுவரோடு சுவர் ஒட்டியிருக்க வேண்டும்.

வழி என்ன? இரண்டு கட்டம் சேர்ந்தால் 16 மீட்டர். அதை மூன்றால் வகுத்தால் ஒரு வீட்டுக்கு 5.33 மீட்டர், நம் கணக்கில் பதினேழரை அடி. உண்மையான வீட்டின் அகலத்துக்கு மிக நெருக்கம். ஆகவே வீட்டைத் தனித்தனியாகச் செய்யாமல், மூன்று வீடுகளை ஒரே மாடலாகச் செய்து இரண்டு கட்டத்தில் உட்காரவைத்தால் தெரு இடைவெளி இல்லாமல் நீளும். வளைந்த சாலையில் மட்டும் இது பலிக்காது. கட்டடங்களுக்கு நடுவே ஆப்பு வடிவத்தில் இடம் திறந்துகொள்ளும். அங்கே 'மூவ் இட்' என்ற துணை நிரலால் ஒவ்வொரு கட்டடத்தையும் கையால் நகர்த்தி ஒட்டவைப்பார்கள். 2023 அக்டோபர் 24-இல் வந்த இரண்டாம் பதிப்பில், ஒட்டி நிற்கும் வரிசை வீடுகளுக்கென்றே தனி மண்டலம் வைத்தார்கள்.

★

தெருவும் பிரச்சினைதான். விளையாட்டின் சின்னச் சாலையே நடைபாதையோடு சேர்த்து 16 மீட்டர் அகலம். 1875-ஆம் ஆண்டின் பொதுச் சுகாதாரச் சட்டத்தைத் தொடர்ந்து பிரிட்டன் நகரங்கள் வகுத்த விதிகளில் புதுத் தெருவுக்குக் கேட்ட அகலம் பெரும்பாலும் 36 அடி, அதாவது 11 மீட்டர். ஐந்து மீட்டர் கூடினாலே தெருவின் நெருக்கம் கலைந்துவிடும். வீட்டை எவ்வளவு நுணுக்கமாகச் செய்தாலும் இந்தப் பிழையை மறைக்க முடியாது. குறுகிய சாலை ஒன்றைத் தேடிப் போட்டுவிட்டு வீட்டு வேலையில் இறங்குங்கள்.

அந்த விதிகளுக்கு முன்னால் எப்படி இருந்தது என்பதையும் பார்க்க வேண்டும். பர்மிங்காம், லீட்ஸ் போன்ற ஊர்களில் முதுகோடு முதுகு ஒட்டிய வீடுகள் ஆயிரக்கணக்கில் இருந்தன. இரண்டு பக்கமும் அண்டை வீடு, பின்னாலும் அண்டை வீடு. காற்றும் வெளிச்சமும் முன்பக்கம் வழியாக மட்டும். குழாயும் கழிப்பிடமும் முற்றத்தில், பல குடும்பங்களுக்குப் பொதுவாக. காலராவும் காய்ச்சலும் எடுத்த உயிர்கள்தான் சட்டத்தைக் கொண்டுவந்தன. இப்படிப்பட்ட வீடுகளில் ஒரு தொகுதியைப் பர்மிங்காமில் இடிக்காமல் காத்து, 2004 முதல் மக்கள் பார்க்கத் திறந்துவைத்திருக்கிறார்கள். மாடல் செய்கிறவருக்குப் பின்சுவர் வேலை மிச்சம். அந்த வீடுகளில் குடியிருந்தவர்கள் பட்டபாட்டை நினைத்துக்கொண்டு செய்யுங்கள்.

★

பர்மிங்காமுக்கும் நம் பக்கத்து அம்பத்தூருக்கும் பழக்கம் உண்டு. 1949-இல் முருகப்பா குழுமத்தோடு சேர்ந்து அம்பத்தூரில் சைக்கிள் தொழிற்சாலை தொடங்கிய 'டியூப் இன்வெஸ்ட்மெண்ட்ஸ்' பர்மிங்காம் வட்டாரத்தில் வளர்ந்த நிறுவனம். அதன் தலைவராக இருந்த சர் ஐவன் ஸ்டெட்ஃபோர்டின் பெயரைத்தான் அம்பத்தூர் ஸ்டெட்ஃபோர்டு ஆஸ்பத்திரி தாங்கியிருக்கிறது. 1960-இல் பிரிட்டனின் ரயில்வேயை ஆராய அமைத்த குழுவுக்கும் அவர்தான் தலைவர். அந்தக் குழுவில் உறுப்பினராக இருந்த டாக்டர் பீச்சிங் பிறகு ரயில்வே தலைவராகி, ஆயிரக்கணக்கான மைல் கிளைப் பாதைகளையும் நிலையங்களையும் மூடப் பரிந்துரைத்தார். பிரிட்டன் கிராமம் ஒன்றை மாடல் செய்கிறவர்கள், தண்டவாளம் இல்லாத பழைய நிலையத்தை வீடாக மாற்றிக் காட்டுவது இதனால்தான்.

★

இனி செங்கல். இந்த வேலையின் உயிரே இங்கேதான்.

பிரிட்டனில் இன்றைய செங்கல்லின் அளவு 215 மில்லிமீட்டர் நீளம், 102.5 அகலம், 65 உயரம். இடையே 10 மில்லிமீட்டர் சாந்து. ஆக ஒரு வரிசையின் உயரம் 75 மில்லிமீட்டர். நான்கு வரிசை ஏறினால் சரியாக 30 சென்டிமீட்டர். இதைத் தெரிந்துகொண்டால் போதும், இங்கிலாந்துக்குப் போகாமலே ஒரு புகைப்படத்தை வைத்து வீட்டை அளக்கலாம். வாசற்படியிலிருந்து ஜன்னல் மேல்விளிம்பு வரை செங்கல் வரிசைகளை எண்ணுங்கள். 28 வரிசை என்றால் 2.1 மீட்டர். நூறாண்டு பழைய சுவரில் செங்கல் கொஞ்சம் முன்பின்னாக இருக்கும்; அப்போது கதவோடு ஒத்துப்பாருங்கள். வழக்கமான பிரிட்டன் கதவு ஆறரை அடி உயரம், இரண்டரை அடி அகலம்.

நம் திருவள்ளூர் பக்கத்துச் சூளைகளிலிருந்து வரும் சேம்பர் செங்கல் ஒன்பது அங்குல நீளம். அதனால்தான் 'ஒன்பது இஞ்சு சுவர்' என்கிறார் கொத்தனார். இந்தியத் தர நிர்ணயம் வகுத்த செங்கல்லோ 190 மில்லிமீட்டர் நீளம், 90 அகலம், 90 உயரம். நம் ஊர்ச் சுவரைப் படமெடுத்து ஆங்கில வீட்டில் ஒட்டினால் இன்னதென்று சொல்ல முடியாத ஒரு பிசகு தெரியும். காரணம் இந்த உயரம்தான்.

சுவருக்கான படத்தை, அதாவது டெக்ஸ்சரை, திரும்பத் திரும்ப ஒட்டினாலும் விளிம்பு தெரியக் கூடாது. அதற்கு ஒரு கணக்கு. எல்லாக் கல்லும் நீளவாட்டத்தில் கிடக்கும் சுவர் என்றால் 2.25 மீட்டர் சதுரத்தை ஓர் அலகாக வையுங்கள்: குறுக்கே பத்துக் கல், நெடுக்கே முப்பது வரிசை, துண்டு விழாது. நீளக் கல்லும் தலைக் கல்லும் மாறி மாறி வரும் பிளெமிஷ் கட்டு என்றால் 2.7 மீட்டர் சதுரம்: குறுக்கே எட்டு இணை, நெடுக்கே முப்பத்தாறு வரிசை.

ஒன்றை மறக்க வேண்டாம். 16 மீட்டர் முகப்புக்கு 1024 புள்ளி அகலமுள்ள படம் போட்டால் ஒரு மீட்டருக்கு 64 புள்ளிதான் கிடைக்கும். செங்கல் வரிசைக்கு ஐந்து புள்ளி கூட வராது. சாந்துக்கு ஒரு புள்ளியே முழுதாகக் கிடைக்காது. அங்கே சாந்தைக் கோடாக வரைய முயன்றால் தூரத்திலிருந்து பார்க்கும்போது சுவர் மினுமினுத்துக் கண்ணை உறுத்தும். சாந்தின் வெளிறலைச் செங்கல் நிறத்திலேயே கலந்துவிடுவது நல்லது.

★

சுவரைப் பார்த்தே வீட்டின் வயதைச் சொல்லலாம். கல்லின் தலைப்பக்கம் வெளியே தெரிந்தால் சுவர் ஒரு செங்கல் நீளத்துக்குக் கெட்டியானது. பெரும்பாலும் விக்டோரியா, எட்வர்டு காலத்து வீடு. எல்லாக் கல்லும் நீளவாட்டத்தில் கிடந்தால் வெளிச்சுவர் அரைக் கல் கனம்தான். உள்ளே இடைவெளி விட்டு இன்னொரு சுவர் நிற்கும். முதல் உலகப் போருக்குப் பிறகு பரவிய முறை இது. நம் பாலிடெக்னிக் சிவில் மாணவர்கள் இரண்டு கட்டுகளையும் முதல் ஆண்டுகளிலேயே வரைந்து பழகுகிறார்கள். அவர்களுக்கு இந்த விளையாட்டில் ஒரு கை கூடுதல்.

★

செங்கல்லுக்கு வரி போட்ட நாடு அது. அமெரிக்க விடுதலைப் போரில் ஆன கடனை அடைக்க 1784-இல் பிரிட்டன் அரசு ஆயிரம் செங்கல்லுக்கு இரண்டரை ஷில்லிங் என்று வசூலிக்கத் தொடங்கியது. எண்ணிக்கைக்குத்தான் வரி என்பதால் சூளைக்காரர்கள் கல்லைப் பெரிதாக்கினார்கள். அரசு விடவில்லை, குறிப்பிட்ட அளவுக்கு மேல் பெரிய கல்லுக்கு வரியை இரட்டிப்பாக்கியது. 1850-இல்தான் செங்கல் வரி ஒழிந்தது. ஜன்னல் வரி அதைவிட மூத்தது: 1696 முதல் 1851 வரை. ஏழைகளின் வீட்டில் வெளிச்சத்தையும் காற்றையும் பறித்த வரி. பழைய வீட்டின் முகப்பில் ஜன்னல் வடிவத்திலேயே செங்கல் வைத்து அடைத்த இடங்கள் இருக்கும். சில வரிக்குப் பயந்து அடைத்தவை. சில இருபக்கமும் ஒத்திருக்க அழகுக்காகவே அடைத்துக் கட்டியவை. உங்கள் தெருவில் ஒன்றிரண்டு வைத்தால் போதும், தெருவுக்கு வயது கூடும்.

★

லண்டன் வீட்டு ஜன்னல் சுவரின் முகத்தோடு ஒட்டி நிற்காது, கொஞ்சம் உள்ளே தள்ளியே இருக்கும். 1666-இல் நகரம் எரிந்து சாம்பலானதை லண்டன் மறக்கவில்லை. மரத்தில் தீ பற்றித் தாவும் என்று 1707-இல் கூரையோரத்து மர வேலைப்பாட்டைத் தடுத்தார்கள்; கைப்பிடிச் சுவர் உயர்ந்தது. 1709-இல் ஜன்னல் சட்டத்தை நான்கு அங்குலம் உள்ளே தள்ளச் சொன்னார்கள். 1774 சட்டம் இன்னும் ஒரு படி போய், மேலும் கீழும் தள்ளித் திறக்கும் ஜன்னலின் மரப்பெட்டியைச் செங்கல்லுக்குப் பின்னால் மறைக்கச் சொன்னது. இந்த நான்கு அங்குலத்தை மாடலில் உண்மையாகவே குடைந்து வையுங்கள். வெறும் படத்தில் நிழல் வரைந்து ஏமாற்ற வேண்டாம். விளையாட்டில் சூரியன் நகரும், நிழலும் நகர வேண்டும்.

★

புகைபோக்கியின் தலையில் எத்தனை மண்குழாய் நிற்கிறதோ அந்த வீட்டில் ஏறக்குறைய அத்தனை அடுப்பு. வரிசை வீட்டில் அண்டை வீட்டுக்காரர் இருவரும் பொதுச் சுவரில் ஒரே தண்டைப் பகிர்ந்துகொள்வார்கள். ஆகவே எட்டுக் குழாய் இருந்தால் வீட்டுக்கு நான்கு. கூரையின் நடுவில் எங்கோ ஒரு புகைபோக்கியை வைத்துவிடுவது புதிதாகச் செய்கிறவர்களிடம் அடிக்கடி காணும் பிழை. அது பொதுச் சுவருக்கு மேலேதான் எழ வேண்டும்.

விளையாட்டில் புகை விடும் வசதி இருக்கிறதே என்று எல்லா வீட்டிலும் புகையவிடாதீர்கள். 1952 டிசம்பரில் லண்டனை மூடிய நச்சுப் புகைமூட்டம் ஆயிரக்கணக்கானவர்களின் உயிரைப் பறித்தது. 1956-இல் தூய காற்றுச் சட்டம் வந்தது. அதன்பின் மெல்ல மெல்ல நிலக்கரி அடுப்புகள் அணைந்தன. இன்றைய பிரிட்டன் என்றால் குழாய்கள் நிற்கும், புகை இருக்காது, தண்டில் டி.வி. ஆன்டெனா கட்டியிருக்கும்.

★

கூரையின் சாய்வைப் பொருள்தான் தீர்மானிக்கிறது. வைக்கோல் கூரைக்கு 50 டிகிரி அளவு வேண்டும். சின்னக் களிமண் ஓட்டுக்கு 35-க்குக் குறையக் கூடாது. மெல்லிய பலகைக் கல்லுக்கு 30 டிகிரியே போதும். வடமேற்கு வேல்ஸ் மலைகளை வெட்டி எடுத்த அந்தக் கல்லை ரயில் நாடெங்கும் கொண்டுசேர்த்ததால்தான் விக்டோரியா காலத் தெருக்கள் எல்லாம் ஒரே கருநீலச் சாம்பல் நிறத்தில் மூடப்பட்டன. அந்தச் சுரங்க நிலப்பரப்பு 2021-இல் யுனெஸ்கோ பட்டியலில் ஏறியது. நம் பக்கம் ரயிலும் கப்பலும் கொண்டுசேர்த்தது மங்களூர் ஓடு. பாசல் மிஷன்காரர்கள் 1865-இல் மங்களூரில் தொடங்கிய ஓட்டுத் தொழிற்சாலை அதற்கு முன்னோடி.

★

ஒரு வீட்டுக்கு இரண்டு உடல் வேண்டும். பக்கத்தில் பார்க்க ஒன்று, தூரத்திலிருந்து பார்க்க ஒன்று. இந்த இரண்டாவதை எல்.ஓ.டி. என்பார்கள். முதலாவதில் ஆயிரம் முக்கோணம் இருந்தால், இரண்டாவது சில பத்து முக்கோணங்களில் அடங்க வேண்டும். முதல் பதிப்பில் ஒரு நகரத்தில் 49,152 கட்டடங்கள் வரை நிற்கலாம். ஒவ்வொன்றும் கனமாக இருந்தால் எந்தக் கணினியும் தாங்காது. விளையாட்டே தானாகச் செய்துகொள்ளும் எல்.ஓ.டி. அவ்வளவு நன்றாக இராது. புகைபோக்கியும் கூரைச் சாய்வும் தெரியும்படி கையாலேயே செய்துவிடுங்கள். பிரிட்டன் தெருவைத் தூரத்திலிருந்து காட்டிக்கொடுப்பவை அவை இரண்டும்தான்.

★

மாடலோடு போகும் படங்கள் பல. நிறத்துக்கு ஒன்று, மேடுபள்ளத்துக்கு ஒன்று, பளபளப்புக்கு ஒன்று, இரவில் எந்த ஜன்னல் ஒளிர வேண்டும் என்பதற்கு ஒன்று. கோப்பின் பெயர் முடிவில் உள்ள ஒற்றை எழுத்தைப் பார்த்துத்தான் விளையாட்டு எது எது என்று அடையாளம் காணும். பெயர் பிசகினால் வீடு வெள்ளையாக நிற்கும்.

இவற்றில் பலர் கவனிக்காமல் விடுவது நிற மாற்றத்துக்கான படம். ஒரு வீட்டுக்கு நான்கு நிறம் வரை கொடுக்கலாம். எந்தப் பகுதியில் நிறம் மாற வேண்டும் என்பதை இந்தப் படம் சொல்லும். சுவர் முழுவதையும் மாற்றிவிட்டால் தெரு கெட்டுப்போகும். கதவின் நிறத்தை மட்டும் மாறவிடுங்கள். கரும்பச்சை, ஆழ்சிவப்பு, கருநீலம், கறுப்பு. ஒரே மாடல் இருபது முறை நின்றாலும் இருபது குடும்பம் வாழும் தெருவாகத் தெரியும்.

★

2003-இல் வந்த 'சிம்சிட்டி 4' விளையாட்டுக்கு வீரர்கள் செய்த கட்டடங்கள் உண்மையில் படங்கள்தான். நான்கு திசை, ஐந்து நெருக்கம், ஆக இருபது கோணங்களில் மாடலைப் படமாக்கிக் கொடுத்துவிடுவார்கள். விளையாட்டு அவற்றை மாற்றி மாற்றிக் காட்டும். இன்றைக்கு முழு மாடலையே கொடுக்கிறோம். அதனால் வீட்டின் பின்புறமும் பிழையில்லாமல் இருந்தாக வேண்டும்.

★

மாடல் செய்யப் பணம் கட்டி மென்பொருள் வாங்க வேண்டியதில்லை. 'பிளெண்டர்' இலவசம். அதை உருவாக்கிய நிறுவனம் மூடப்பட்டபோது, ஆர்வலர்கள் 2002-இல் ஏழு வாரத்தில் ஒரு லட்சம் யூரோ திரட்டி அதைப் பொதுச் சொத்தாக மீட்டார்கள். பள்ளிப் பிள்ளைக்கும் பொறியாளருக்கும் ஒரே கருவி. இதைவிட நல்ல செய்தி இந்தத் துணுக்குகளில் இல்லை.

★

முதல் உலகப் போர் முடிந்து திரும்பியவர்களுக்கு நல்ல வீடு வேண்டும் என்று பிரிட்டனில் குரல் எழுந்தது. 1918-இல் டியூடர் வால்டர்ஸ் குழு அறிக்கை கொடுத்தது: ஏக்கருக்குப் பன்னிரண்டு வீட்டுக்கு மேல் கூடாது, எதிரெதிர் வீடுகளுக்கு இடையே 70 அடி இருக்க வேண்டும், குளிர்காலச் சூரியனும் கீழ்த்தளத்துக்கு எட்ட வேண்டும். 1919-இல் வந்த அடிசன் சட்டம் உள்ளாட்சிகளையே வீடு கட்டவைத்தது. இரண்டிரண்டாக ஒட்டிய வீடு, முன்னே தோட்டம், வேலிச்செடி. அந்த 70 அடி 21 மீட்டருக்குச் சற்று மேல். விளையாட்டின் 16 மீட்டர் சாலை இங்கே அழகாகப் பொருந்தும். இருபுறமும் இரண்டரை மீட்டர் தோட்டம் விட்டால் கணக்கு முடிந்தது. வரிசை வீட்டில் தொடங்கித் திணறுகிறவர்கள் இந்த இரட்டை வீட்டில் தொடங்கலாம்.

★

லண்டனில் ஈஸ்ட் ஹாம், மேனர் பார்க் பக்கம் நம் தமிழர்கள் குடியிருக்கும் தெருக்கள் பெரும்பாலும் விக்டோரியா, எட்வர்டு கால வரிசை வீடுகள்தான். அவற்றுக்கு நடுவே முருகன் கோயில் ராஜகோபுரம் எழுந்து நிற்கிறது. அந்தத் தெருவைச் செய்ய நினைத்தால், வீட்டின் பின்கூரையில் பெட்டி போல எழுப்பிய மாடி அறையை மறக்காதீர்கள். குடும்பம் பெருகும்போது எழுப்பியது அது. இங்கிலாந்தின் விதிப்படி வரிசை வீட்டில் 40 கன மீட்டர் வரை, தெருவைப் பார்க்காத பக்கத்தில், தனி அனுமதி இல்லாமல் கட்டிக்கொள்ளலாம். இரட்டை வீட்டுக்கும் தனி வீட்டுக்கும் 50. முன்பக்கம் நூறாண்டுக்கு முன் இருந்தது போலவும் பின்பக்கம் புதிதாகவும் தெரிவது இதனால்தான்.

★

பிரிட்டனுக்கு நாம் கொடுத்த வீடும் ஒன்று உண்டு. வங்காளத்துக் குடிசையைப் பார்த்துக் கும்பினிக்காரர்கள் கட்டிக்கொண்ட, தாழ்வாரம் சூழ்ந்த ஒற்றைத்தள பங்களா, 1869-70 வாக்கில் கென்ட் கடற்கரையில் முதன்முதலாக எழுந்தது. பிறகு அந்நாட்டுப் புறநகரெல்லாம் பரவியது.

அசல் பிரிட்டன் வீட்டைக் கையால் தொட்டுப் பார்க்க விமானம் ஏற வேண்டாம், ஊட்டி ரயில் போதும். கோயம்புத்தூர் கலெக்டர் ஜான் சல்லிவன் 1822-இல் கட்டத் தொடங்கிய 'ஸ்டோன் ஹவுஸ்' இன்று அரசு கலைக் கல்லூரி வளாகத்தில் இருக்கிறது. இலங்கையில் என்றால் நுவரெலியா. அங்கே 1894-இல் கட்டிய செங்கல் தபால் நிலையம், மணிக்கூண்டோடு, மாடல் செய்யவே பிறந்த கட்டடம் என்பேன்.

★

பிரிட்டன் நகரம் என்றால் வண்டிகள் இடப்பக்கம் ஓட வேண்டும். விளையாட்டைத் தொடங்கும் முன்பே அதைத் தேர்ந்தெடுக்கவும். நம் ஊர் நகரத்துக்கும் அதே தேர்வுதான்.

★

விளையாட்டு விளையாட்டோடு நிற்பதில்லை. 2016-இல் சுவீடனின் ஸ்டாக்ஹோம் நகரத்துப் புதுக் குடியிருப்பு ஒன்றைத் திட்டமிட இதே சிட்டீஸ்: ஸ்கைலைன்ஸைப் பயன்படுத்திப் பார்த்தார்கள். ஐ.நா.வின் குடியிருப்பு அமைப்பு 2012 முதல் 'மைன்கிராஃப்ட்' விளையாட்டை வைத்து, பூங்காவும் சந்தையும் எப்படி இருக்க வேண்டும் என்று குடியிருப்பவர்களையே கட்டிக்காட்டச் சொல்கிறது. வரைபடம் படிக்கத் தெரியாதவருக்கும் மாடல் புரிகிறது.

★

அப்படியானால் அண்ணனூர்? திருமுல்லைவாயலுக்கும் ஆவடிக்கும் நடுவே நாம் ஏறி இறங்கும் இந்தப் பாதை தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் பாதை. 1856-இல் ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரை திறந்தது. இன்று இங்கே மின்சார ரயில்களின் கார் ஷெட் இருக்கிறது. அடுத்த ஊரான ஆவடியில், பிரிட்டனின் விக்கர்ஸ் வடிவமைப்பில் பிறந்த விஜயந்தா டாங்கியைச் செய்த கனரக வாகனத் தொழிற்சாலை இருக்கிறது. அதற்கு 1961-இல் வித்திட்ட நாளிலிருந்து குவார்ட்டர்ஸ்களும், வேலைக்கு வந்தவர்கள் பிற்பாடு மனை வாங்கிக் கட்டிய வீடுகளும் பெருகின. ஜன்னலுக்கு மேல் சன்ஷேடு, காற்றுக்கு சிமெண்ட் ஜாலி, வெளியே ஏறும் மாடிப்படி, கிரில் கேட், மொட்டை மாடியில் தண்ணீர்த் தொட்டி. இந்த வீட்டுக்கும் சட்டமும் கடனும் வெயிலும் சேர்ந்து வகுத்த வடிவம் உண்டு. அடுக்குமாடிகளுக்காக இவை ஒவ்வொன்றாக இடிபட்டு வருகின்றன.

கட்டக் கணக்கு நமக்கும் சரியாக வருகிறது. அரை கிரவுண்டு மனை முப்பதுக்கு நாற்பது அடி என்று வையுங்கள். முப்பதடி முகப்பில் ஏழு மனை 210 அடி. அது 64 மீட்டர், எட்டுக் கட்டம், ஒரு சென்டிமீட்டர் கூட வித்தியாசம் இல்லாமல். நாற்பதடி ஆழம் இரண்டு கட்டத்துக்குள் அடங்கி, பின்னால் முருங்கை மரத்துக்கும் இடம் மிஞ்சும்.

ஆங்கில வீட்டை அளந்து பழகிய தம்பி தங்கைகளுக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த மாடலுக்கு உங்கள் தெருவில் ஒரு வீட்டை எடுத்துக்கொள்ளுங்கள். பாதுகாப்புத் துறை வளாகத்திலும் ரயில்வே ஷெட்டிலும் அனுமதியில்லாமல் படம் எடுக்கக் கூடாது. அதனால் அக்கம்பக்கத்துப் பழைய வீடாகப் பாருங்கள். வீட்டுக்காரரிடம் கேட்டு, டேப் வைத்து முகப்பையும் ஜன்னலையும் அளந்து, நான்கு பக்கமும் படம் எடுத்துக்கொள்ளுங்கள். யார் கட்டியது, எந்த ஆண்டு, எந்த மேஸ்திரி என்று விசாரித்துக் குறித்துவையுங்கள். செய்து முடித்த மாடலை எல்லோரும் எடுத்துக்கொள்ளும்படி பகிரும்போது, அதன் பெயரில் அண்ணனூர் என்பதையும் தமிழில் எழுதுங்கள்.